எனக்குத் தெரிந்த ஆறு ரஷ்ய வாழ்த்துகள்

ரஷ்ய மொழியில் எனக்கு ஆறு வாழ்த்துகள் தெரியும். அவற்றை விட்டால் அந்த மொழியில் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆறையும் ஒரே ஒருவருக்காகக் கற்றுக்கொண்டேன். அவர் என் மகளின் மாமியார், வோல்கா ஆற்றங்கரையில் ஓர் ஊரில் இருப்பவர். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. வருடத்தில் சில நாட்கள் நான் அவருக்கு வாழ்த்துச் சொல்வேன், சில நாட்கள் அவர் எனக்குச் சொல்வார். சம்பந்திகள் என்று எங்களுக்குள் இருந்த உறவு அவ்வளவுதான். இப்போது பெருநாள் வந்தால் அவரிடமிருந்து ஒரு படம் வருகிறது, பூவும் எழுத்தும் போட்ட ஆயத்தப் படம். என் வங்கியும் எனக்கு அப்படித்தான் அனுப்புகிறது. குரல் வருவதில்லை. அதற்குக் காரணம் நான்தான்.

மகள் மருத்துவம் படிக்க ரஷ்யாவுக்குப் போனவள். இங்கே இடம் கிடைக்காத நம் பிள்ளைகள் நிறையப் பேர் அப்படித்தான் போகிறார்கள். அவள் மூன்றாம் ஆண்டில் இருக்கும்போது என் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். அவள் ஓடி வந்தாள், பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை இருந்தாள், திரும்பிப் போனாள். பினாங்கின் பாகான் டாலாமில் நான்காவது மாடி ஃப்ளாட்டில் நான் தனியானேன். காலையில் ஃபெரி ஏறிக் கடலுக்கு அந்தப் பக்கம் தீவில் இருக்கும் ஜார்ஜ்டவுனுக்குப் போவேன். அங்கே ஒரு பல் கிளினிக்கின் கவுண்டரில் எனக்கு வேலை. பல்வலிக்காரர்களின் பெயரைக் கூப்பிட்டு உள்ளே அனுப்பிவிட்டு மாலையில் மறுபடி ஃபெரி ஏறுவேன்.

கணவர் போன வருடத்துத் தீபாவளி இன்னும் நெஞ்சில் நிற்கிறது. பக்கத்து வீட்டு அக்கா கத்தோலிக்கர், நல்ல மனுஷி. டின்னில் முறுக்கு எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினார். முறுக்கு கொண்டுவந்ததில் தப்பில்லை. சாவு விழுந்த வீட்டில் பலகாரச் சட்டி வைக்கமாட்டோம், அக்கம்பக்கத்தார்தான் கொடுப்பார்கள். ஆனால் அவர் பழக்க தோஷத்தில் “ஹேப்பி தீபாவளி” என்று சொல்லிவிட்டார். ஒரு வருடத்துக்கு அந்த வீட்டுக்குப் பெருநாள் கிடையாது, வாழ்த்தும் கிடையாது என்பது நம் ஆட்களுக்குத் தெரிந்ததுதானே. எனக்குச் சுருக்கென்று ஏறிவிட்டது.

“ஹேப்பியா? இந்த வீட்ல யாரு ஹேப்பியா இருக்கான்னு வந்தீங்க?” என்று கேட்டேன். டின்னை அவர் கையிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்தினேன்.

மாடி முழுக்கச் செய்தி பரவியது. அந்த வருடம் கழிந்தது, அடுத்த வருடமும் கழிந்தது, எங்கள் வரிசையில் ஒருவரும் எனக்குத் தீபாவளி வாழ்த்துச் சொல்லத் துணியவில்லை. இனிமேல் சொல்லலாம் என்று நானாகப் போய் வீடு வீடாக அறிவிக்க முடியுமா? என் வாய் சம்பாதித்துக் கொடுத்தது, நான்தான் அனுபவிக்க வேண்டும். அதை ஒருமுறை மகளிடம் சொல்லிச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

படிப்பு முடியும் சமயத்தில் அவள் கூடப் படித்த ரஷ்யப் பையனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். நான் போனை வைத்துவிட்டேன். எட்டு மாதம் பேசவில்லை. அவர்கள் அங்கேயே பதிவு செய்துகொண்டார்கள், படங்கள் வந்தன, பார்த்தேன், பதில் போடவில்லை. பெற்றவளை விட்டுவிட்டு யாரோ ஒரு வீட்டுக்கு மருமகளாகிவிட்டாள் என்று ஃபெரியில் உட்கார்ந்து கடலைப் பார்த்து மனதுக்குள் அவளைத் திட்டிக்கொண்டே போவேன்.

அந்த வருடத் தீபாவளி காலையில் தெரியாத எண்ணிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. கனத்த பெண் குரல். காகிதத்தைப் பார்த்துப் படிப்பது தெரிந்தது. “தீபாவளி” என்று சொல்லி ஒரு மூச்சு, “நல்” என்று ஒரு மூச்சு, பிறகு “வாழ்த்துகள்” என்ற இடத்தில் வண்டி கல்லில் ஏறி இறங்கியது. கடைசியில் தமிழில் “அம்மா” என்றார். நான் குளித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்திருந்த நேரம் அது. மூன்று முறை கேட்டேன். சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுகையும் வந்தது.

மகளைக் கூப்பிட்டேன். எட்டு மாதத்துக்குப் பிறகு நான் கேட்ட முதல் வார்த்தை, “யாருடி அந்த அம்மாவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தா? ழகரம் எல்லாம் நாசம்” என்பதுதான்.

“மூணு நாளா பிராக்டிஸ் பண்ணாங்கமா,” என்றாள். அவள் குரல் உடைந்திருந்தது. “நீ அவங்க பாஷையில சொல்லிப் பாரேன், அப்ப தெரியும்.”

நான் அந்தப் பேச்சைச் சவாலாகவே எடுத்துக்கொண்டேன். அவர்களுக்குப் பெரிய நாள் எது என்று கேட்டேன். புத்தாண்டுதான் என்றாள். மரம் வைப்பதும் விருந்தும் பரிசும் எல்லாம் அதற்குத்தான், கிறிஸ்துமஸ் அதற்குப் பிறகு ஜனவரி ஏழாம் தேதி வரும் என்றாள். சொல்ல வேண்டியதைக் குரல் செய்தியாக அனுப்பினாள். அதைக் கேட்டுக் கேட்டுப் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டேன்: ஸ் நோவிம் கோதம். அந்த முதல் ஸ் தனியாக நிற்காமல் ஒட்டிக்கொள்ள வேண்டுமாம். ஃபெரியில் நான் ஸ், ஸ் என்று பயிற்சி செய்ததைப் பார்த்து எதிரே இருந்த மலாய்க்காரப் பெரியவர் தன் மருந்துப் பையிலிருந்து ஒரு இருமல் மிட்டாய் எடுத்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன், அவருக்கு என்னவென்று விளக்குவது?

டிசம்பர் முதல் வாரத்தில் கிளினிக்குக்கு ஒரு ரஷ்யச் சுற்றுலாப் பயணி வந்தார். கன்னம் வீங்கி, ஐஸ் பையை அழுத்திப் பிடித்திருந்தார். பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் விடுவேனா? “ஸ் நோவிம் கோதம்” என்றேன். வலியிலும் அவருக்குப் புன்னகை வந்தது. பிறகு ஆங்கிலத்தில், இன்னும் வரவில்லையே என்றார். நம் ஊரில் ஒரு வாரம் முன்னாலேயே அட்வான்ஸ் ஹேப்பி தீபாவளி என்று ஆரம்பித்துவிடுவோம். அவர்களுக்கு அது ஆகாது. பிறந்தநாள் வாழ்த்தை முன்கூட்டிச் சொன்னால் கெட்ட சகுனம் என்று பயப்படுவார்களாம். புத்தாண்டுக்கு மட்டும் முன்னால் சொல்லத் தனி வாழ்த்து உண்டு, வந்துகொண்டிருக்கும் ஆண்டுக்கு என்று பொருள். ஐஸ் பையைக் கீழே வைத்துவிட்டு அதைச் சொல்லிக் கொடுத்தார்: ஸ் நஸ்துபாயுஷிம். இப்படி என் இரண்டாவது வாழ்த்து வீங்கிய கன்னத்திலிருந்து வந்தது.

அவர்களுக்கு நள்ளிரவு பன்னிரண்டு அடிக்கும்போது பினாங்கில் விடிகாலை ஐந்து மணி. நான் எப்படியும் நாலரைக்கு எழுந்துவிடுகிறவள். முகம் கழுவி, நல்ல சேலை கட்டி, வீடியோ காலில் கூப்பிட்டேன். மேசை நிறையத் தட்டுகள், நடுவில் நம் சீனப் புத்தாண்டுக்குக் குவிப்பது போலவே மண்டரின் ஆரஞ்சு. சம்பந்தியம்மா கழுத்தில் முத்து மாலை போட்டிருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் மலை மாதிரி ஒரு மனிதர், அவர் கணவர். டிவியில் மணி அடித்து முடித்ததும் நான் என் வாழ்த்தைச் சொன்னேன். அந்த மனிதர் கையில் இருந்த கிளாஸைத் தூக்கிக்கொண்டு “பினாங், பினாங்” என்று கத்தினார். சம்பந்தியம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். மகள் பக்கத்தில் நின்று, “அம்மா, சுத்தமா சொன்ன” என்றாள்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் அது தவறவில்லை. கிறிஸ்துமஸுக்கு ஸ் ரஷ்தெஸ்த்வோம். மார்ச் எட்டு பெண்கள் தினத்துக்கு ஒன்று, அங்கே அன்று பெண்களுக்குப் பூக் கொடுக்காத ஆண் வீட்டுக்குள் நுழைய முடியாதாம். ஈஸ்டருக்கு ஒன்று, அதைக் கேட்டவர் திருப்பிச் சொல்ல ஒரு பதிலும் உண்டு. ஜனவரி பதினாலாம் தேதி இன்னொரு கூத்து. பழைய காலண்டர்படி வரும் புத்தாண்டை அவர்கள் விடாமல் கொண்டாடுகிறார்கள், அதற்குப் பெயரே பழைய புத்தாண்டு. நமக்குப் பொங்கல் வருகிற சமயம். நான் பழைய புத்தாண்டு வாழ்த்து அனுப்புவேன், அவர் அடிவயிற்றிலிருந்து “பொங்கலோ பொங்கல்” என்று கத்தி அனுப்புவார். அந்தச் செய்தியைக் கிளினிக்கில் டாக்டருக்குக்கூடப் போட்டுக் காட்டியிருக்கிறேன். எங்களுக்குள் வேறு பேச்சு கிடையாது, பேச மொழியும் கிடையாது. மகளோ மருமகனோ பக்கத்தில் இருந்தால் இரண்டு வார்த்தை கூடுதலாகப் போகும். ஆனாலும் என் வாழ்க்கையில் என்னை எதிர்பார்த்து ஒருவர் மணி பார்த்து உட்கார்ந்திருந்தார் என்றால் அது அவர்தான்.

ஐந்தாவது வருடம் டிசம்பர் தொடக்கத்தில் அந்த மலை மாதிரி மனிதர் இறந்துபோனார். இதயம்தான், என் கணவரைப் போலவே. மகள் ஒரு இரங்கல் வாக்கியத்தை அனுப்பி, இதைச் சொல்லுமா என்றாள். சொல்லி அனுப்பினேன். சம்பந்தியம்மாவின் பதிலில் பேச்சு எதுவும் இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. மகளும் மருமகனும் போய் ஒன்பதாம் நாள் சடங்கு முடித்துத் தங்கள் ஊருக்குத் திரும்பினார்கள். இளம் டாக்டர்களுக்குப் புத்தாண்டு அன்று தப்பாமல் டியூட்டி விழும். அந்த வருடம் இருவருக்குமே விழுந்தது. இரண்டாம் தேதிதான் அம்மாவிடம் போக முடியும் என்றார்கள்.

முப்பத்தொன்றாம் தேதி மகள் ஆஸ்பத்திரி நடைபாதையிலிருந்து அவசரமாகக் கூப்பிட்டாள். “அம்மா, அத்தை தனியா இருக்காங்க. நீ அவங்கள பாத்துக்குவல்ல?”

“அதெல்லாம் எனக்குத் தெரியும்டி. நீ எனக்குச் சொல்லித் தராத,” என்றேன். யாரோ அவளைக் கூப்பிட்டார்கள், வைத்துவிட்டாள்.

எனக்குத் தெரியும் என்று நான் சொன்னது நம் வழக்கத்தை. இழவு விழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, அந்த வீட்டுக்குப் போய்ப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்வார்களா? முறுக்கு டின்னோடு நின்ற பக்கத்து வீட்டு அக்காவின் இடத்தில் நான் நிற்க மாட்டேன் என்று தீர்மானமாக இருந்தேன். வலி பட்டவள் நான், அதனால் இன்னொருத்தியின் வலியை மதிக்கத் தெரிந்தவளும் நான்தான் என்று ஒரு பெருமைகூட எனக்குள் இருந்தது. இதை எழுதும்போது கூசுகிறது. ஆனால் இருந்தது.

மறுநாள் விடிகாலை வழக்கம்போல எழுந்தேன். சாமி விளக்கை ஏற்றி, அந்த மனிதருக்காக வேண்டிக்கொண்டேன். மேசையருகே உட்கார்ந்து போனில் சம்பந்தியம்மாவின் பக்கத்தைத் திறந்து, போன வருடப் படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐந்து அடித்தது. நான் கூப்பிடவில்லை. ஐந்து நிமிடம் போனது. அப்போது போன் அதிர்ந்தது. அவரே வீடியோ காலில் கூப்பிட்டார்.

எடுக்கலாம் என்று விரல் போனது. எடுத்து என்ன சொல்வது? எனக்குத் தெரிந்த ரஷ்ய மொழி முழுவதும் வாழ்த்து. பக்கத்தில் மொழிபெயர்க்க ஆளில்லை. வாயைத் திறந்தால் ஸ் நோவிம் கோதம்தான் வரும், அதைச் சொல்லக் கூடாது. சொல்லாமல் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு எத்தனை நேரம் உட்கார்வது? இப்படி யோசித்துக்கொண்டே போனைப் பார்த்தபடி இருந்தேன். அது அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிடவில்லை. நல்லதுதான், அவருக்கும் புரிந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு காப்பி போடப் போனேன்.

பொங்கலுக்கு அவர் குரல் வரவில்லை. துக்கம், எப்படி வரும் என்று எடுத்துக்கொண்டேன். மார்ச் எட்டுக்கும் ஈஸ்டருக்கும் நான் வாயைக் கட்டிக்கொண்டேன். தீபாவளிக்கும் அவரிடமிருந்து ஒன்றும் வராதபோது, பரவாயில்லையே, அவர்களும் நம்மைப் போல வருடம் முழுக்க அனுசரிக்கிறார்கள் என்று மெச்சிக்கொண்டேன். என் மடமைக்கு அதையே சாட்சியாக வைத்துக்கொண்டேன்.

அந்த வருடக் கடைசியில் மகள் விடுப்பில் பினாங்குக்கு வந்தாள். திதி முடிந்துவிட்டது, இனி வாழ்த்தலாம். இந்த முறை கிளினிக் கணினியில் தேடி, ஆரோக்கியமாக இருங்கள் என்று நீளமாக ஒரு வாக்கியமும் சேர்த்துக்கொண்டேன். அடுப்படியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே சொல்லிப் பார்த்தேன். மகள் நெத்திலி வறுத்துக்கொண்டிருந்தாள்.

“யாருக்குமா இது?”

“உன் மாமியாருக்குத்தான். வருஷம் முடிஞ்சிருச்சில்ல.”

“என்ன வருஷம்?” என்றாள்.

விளக்கினேன். அவள் அடுப்பை அணைத்தாள். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“அம்மா, அவங்க வீட்ல அப்படி ஒண்ணும் கிடையாதுமா. சாவு நடந்த வீடுன்னா அன்னிக்குத்தான் எல்லாரும் கட்டாயம் கூப்பிடுவாங்க. தனியா விடக்கூடாதுன்னு. மாமா படத்துக்கு முன்னால ஒரு தட்டு, தனக்கு ஒரு தட்டு வச்சு, முத்து மாலை போட்டு உக்காந்திருந்தாங்களாம். நீ கூப்பிடுவேன்னு.”

“நீ ஏண்டி இத்தன நாளா சொல்லல?”

“எனக்கே ஈஸ்டருக்கு அப்புறம்தான் தெரியும். நீ அசந்து தூங்கியிருப்பேன்னு சொன்னேன். உன்கிட்ட கேக்கக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க, நீ சங்கடப்படுவியாம்.” நெத்திலிச் சட்டியை எட்டி மூடினாள். “என்கிட்ட ஒண்ணு கேட்டாங்கமா. உங்க ஊர்ல புருஷன் செத்துட்டா அந்தப் பொம்பளகிட்ட யாரும் நல்ல வார்த்தை சொல்லக்கூடாதான்னு.”

“நீ என்ன சொன்ன?”

“எங்கம்மாவும் புருஷன் இல்லாதவங்கதானேன்னு சொன்னேன். அது தெரியும்னாங்க. முதல் தீபாவளிக்கு உனக்கு வாழ்த்து அனுப்புனாங்களே, அதனாலதான். அப்பா போனதுக்கு அப்புறம் ஃப்ளாட்ல ஒருத்தரும் எங்கம்மாவுக்கு வாழ்த்துச் சொல்றதில்லன்னு நான் ஒரு நாள் அழுதேன். உடனே தமிழ்ல எப்படிச் சொல்லணும்னு கேட்டு எழுதிக்கிட்டாங்க.”

நறுக்கிய வெங்காயத்தைத் தட்டில் தள்ளினேன். மறுபடி ஒன்றை எடுத்து உரித்தேன். வேறு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு விதவைக்கு யாரும் வாழ்த்துச் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டுத் தெரியாத மொழியைக் கற்றுக்கொண்டு வந்தவர் அவர். அவர் விதவையான முதல் பெருநாளில் அவர் போனை எடுக்காதவள் நான். வழக்கம் என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டேன். உண்மையில், என் துக்கம் எப்படி இருந்ததோ அப்படித்தான் உலகத்தில் எல்லோர் துக்கமும் இருக்கும் என்று ஒரு திமிர் எனக்கு. கேட்டிருக்கலாம். மகளிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். தெரியும்டி என்று வாயை அடைத்துவிட்டேன்.

ஜனவரி முதல் தேதி விடிகாலை மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு கூப்பிட்டேன். அடித்தவுடன் எடுத்துவிட்டார். இந்த முறை மருமகன் அவரோடு இருந்தார், எனக்குக் கையசைத்தார். சம்பந்தியம்மா மெலிந்திருந்தார். நான் வாழ்த்தைச் சொன்னேன், புதிதாகச் சேர்த்த வாக்கியத்தையும் சொன்னேன். “ஸ்பசீபா” என்று நன்றி சொன்னார். வாயைப் பொத்திக்கொள்ளவில்லை.

பிறகு நான் தமிழில் பேசினேன். ஒரு வருடத் துக்கம் பற்றி, முறுக்கு டின் பற்றி, நான் கதவைச் சாத்தியது பற்றி, உங்களை நோகடிக்கக் கூடாது என்றே நோகடித்துவிட்டேன் என்று, எல்லாம். மகள் ஒவ்வொன்றாக ரஷ்ய மொழியில் சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார். புரிகிறது, ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முறை இருக்கிறது, மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். அதை மகள் சொன்னபோது எனக்கு மூச்சு வந்தது. அப்புறம் அவர் ஏதோ மெதுவாகச் சொன்னார். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

“என்னடி சொல்றாங்க?”

“ஒண்ணுமில்லமா.”

“சொல்லு.”

மகள் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். “அன்னிக்கு மணி அடிச்சப்ப உன் பேருக்குக் கீழ ஆன்லைன்னு காட்டுச்சாம். முழிச்சுக்கிட்டுத்தான் இருக்காங்க, இப்ப கூப்பிடுவாங்கன்னு அஞ்சு நிமிஷம் அதையே பாத்துக்கிட்டு இருந்தாங்களாம். அப்புறம்தான் அவங்களே கூப்பிட்டாங்களாம்.”

திரையில் அவர் எனக்காகக் காத்திருந்தார். நான் தூங்கினேன் என்று சொல்ல மகள் எனக்கு ஏற்கெனவே ஒரு வழி செய்து வைத்திருந்தாள். போன் தானாகத் திறந்திருந்தது என்றும் சொல்லலாம்.

“ஆமான்னு சொல்லு,” என்றேன். “போன் கையிலதான் இருந்துச்சு, அவங்க கூப்பிட்டது முழுக்க அடிச்சு நிக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்னு சொல்லு.”

மகள் சொன்னாள். சம்பந்தியம்மா தலையசைத்துவிட்டுக் கண்ணாடியை மறுபடி போட்டுக்கொண்டார்.